14,500 பவுண்ட்ஸுக்கு ஒரு போர்ஷே: ஏன் இவ்வளவு மலிவு?

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, லண்டன் ஹரோவில் வசிக்கும் நண்பன் ஒருவன் வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். வெள்ளி நிறத்தில் ஒரு போர்ஷே 911 கரேரா. 2002ஆம் ஆண்டுப் பதிவு. 78,000 மைல் ஓடியது. கேட்கும் விலை 14,500 பவுண்ட்ஸ். படங்களுக்குக் கீழே ஒரேயொரு வரி: “மச்சான், இதை எடுக்கலாமோ?”

கார்களைப் பற்றி எழுதுபவன் அல்ல நான். ஆனாலும் அவன் ஏன் என்னிடம் கேட்டான் என்பது எனக்குத் தெரியும். 2002இல் சமாதானம் வந்து ஏ9 வீதி திறந்த பிறகு, கிளிநொச்சியில் நாங்கள் இருவரும் ஒரே கணினி வகுப்புக்குப் போனோம். அங்கே யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒரு சிடி இருந்தது. நீட் ஃபோர் ஸ்பீட் விளையாட்டின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு. அந்தப் பதிப்பில் போர்ஷே கார்களைத் தவிர வேறெந்தக் காரும் கிடையாது. ஆசிரியர் தேத்தண்ணி குடிக்கப் போகும் பத்து நிமிடத்தில் நாங்கள் ஓட்டியது அந்த 911ஐத்தான். அவனுடைய கணிதக் கொப்பியின் பின்பக்கங்களில் அந்தக் காரின் படங்கள் இருந்தன. அதற்குப் பிறகு நடந்தவற்றை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவன் 2011இல் லண்டன் போனான். இரவு வேலை, மொத்த விற்பனைக் கடை, பிறகு சொந்தமாக ஒரு டெலிவரி வான். “அம்மாவின்ர வீட்டு வேலை முடிஞ்சுது. தங்கச்சியின்ர அலுவலும் முடிஞ்சுது. இது எனக்கு” என்றான் தொலைபேசியில். கையில் இருப்பது 19,000 பவுண்ட்ஸ். பதினான்கு வருட உழைப்பில், மற்றவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய காசு. கடன் எடுக்க அவனுக்கு விருப்பமில்லை.

ஆகவே ‘உனக்கு ஏன் இந்த ஆசை’ என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு. புதிதாக வந்தபோது அந்த நாட்டில் அறுபதாயிரம் பவுண்ட்ஸை ஒட்டிய விலையில் விற்ற ஒரு கார், பார்ப்பதற்கு இன்னும் பளபளவென்று இருக்கும்போது, ஏன் 14,500க்கு வந்து நிற்கிறது?

இலங்கையில் வளர்ந்த எங்களுக்கு இந்தக் கேள்வி உடனே தோன்றாது. இங்கே கார் என்பது காணியைப் போல. வரியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் அதைச் சொத்தாக்கிவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில், வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் காரை விற்றவர்கள் யாழ்ப்பாணத்தில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். 14,500 பவுண்ட்ஸை ரூபாயாக மாற்றினால் ஐம்பது இலட்சத்தைத் தாண்டும். அந்தக் காசுக்கு இங்கே ஒரு பழைய வாகன் ஆர்தான் கிடைக்கும். இந்தக் கணக்கோடு ஒருவன் லண்டனில் போர்ஷே விளம்பரத்தைப் பார்த்தால், யாரோ காசை வீதியில் போட்டுவிட்டுப் போவது போலத்தான் இருக்கும்.

அங்கே நிலைமை தலைகீழ். கார் பழசாக ஆக, அதை வைத்திருப்பதற்கு ஆகும் செலவு கூடும். வாங்குகிறவர்கள் அந்தச் செலவை மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள். விலை அறுபதாயிரத்திலிருந்து பதினான்காயிரத்துக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் அதன் பிறேக் தட்டும் கிளச்சும் ரேடியேற்றரும் அறுபதாயிரம் பவுண்ட்ஸ் காருக்கென்று செய்யப்பட்டவை. அவற்றின் விலை காரோடு சேர்ந்து இறங்கவில்லை. அதைக் கழற்றிப் பூட்டும் ஆளின் மணித்தியாலக் கூலி இறங்கவேயில்லை. விளம்பரத்தில் போட்டிருக்கும் 14,500 என்பது முதல் தவணை மாதிரித்தான்.

நண்பன் அனுப்பிய அந்தக் குறிப்பிட்ட காருக்கு இதைவிட நீண்ட கதை உண்டு.

காற்றிலிருந்து தண்ணீருக்கு

911 முதன்முதலில் 1963இல் காட்சிக்கு வந்தது. எஞ்சின் பின்னால், பின்சில்லுகளுக்கும் பின்னால் இருக்கும். சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகப் படுத்திருக்கும். 35 வருடமாக அந்த எஞ்சினைக் காற்றும் ஒயிலும்தான் குளிரவைத்தன. புகை, சத்தம் பற்றிய சட்டங்கள் இறுகியபோது அந்த முறையில் மேற்கொண்டு போக முடியவில்லை.

1990களின் தொடக்கத்தில் போர்ஷே நிறுவனம் பணக் கஷ்டத்தில் இருந்தது. வெண்டலின் வீடெகிங் என்பவர் தலைமைக்கு வந்து, டொயோட்டாவில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஜப்பானியர்களை அழைத்து, தொழிற்சாலையில் வீணாகும் நேரத்தையும் காசையும் குறைக்கக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் பிறந்தவைதான் 1996இன் பொக்ஸ்டரும், 1997இல் அறிமுகமாகி ‘996’ என்ற உள்ளகப் பெயரால் அறியப்படும் 911உம். செலவைக் குறைக்க இரண்டுக்கும் முன்பக்கம் பெரும்பாலும் ஒன்றே. எஞ்சினும் ஒரே குடும்பம். தண்ணீரால் குளிரும் புதிய எஞ்சின். அந்தக் கார்கள் நிறுவனத்தைக் காப்பாற்றின என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 996 நல்ல கார்தான். 2002இல் வந்த 3.6 லீற்றர் எஞ்சின் 320 குதிரைவலு தரும். நிறுவனத்தின் கணக்குப்படி 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொட ஐந்து செக்கன்.

ஆனால் அந்த எஞ்சினுக்குள் ஒரு பெயாரிங் இருக்கிறது.

எஞ்சினின் பிரதான தண்டு சுழலும்போது, அந்தச் சுழற்சியை வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகளுக்குக் கொண்டுபோக இடையில் இன்னொரு தண்டு வேண்டும். செயின்கள் வழியாக அந்த வேலையை அது செய்கிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதை ‘ஐ.எம்.எஸ்.’ என்பார்கள். அந்த இடைத்தண்டின் ஒரு முனையைத் தாங்குவது ஒரு குண்டுப் பெயாரிங். பழைய எஞ்சின்களில் இப்படியான இடத்துக்கு எஞ்சின் ஒயிலே அழுத்தத்தோடு போய்ச் சேரும். இங்கே வைத்ததோ, உள்ளே கிறீஸ் போட்டு இரண்டு பக்கமும் மூடி முத்திரையிட்ட பெயாரிங். எஞ்சின் உள்ளவரை அதுவும் இருக்கும் என்பது எண்ணம். எத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று பராமரிப்பு அட்டவணையில் எதுவும் இல்லை.

நடந்தது வேறு. சூடான ஒயில் காலப்போக்கில் அந்த மூடியைத் தாண்டி உள்ளே கசிந்து கிறீஸைக் கழுவிவிடுகிறது. ஆனால் புது ஒயில் தாராளமாக உள்ளே போய்வர அதே மூடி விடாது. உள்ளே அழுக்கு ஒயில் கொஞ்சம் தேங்கி நிற்க, குண்டுகள் தேய்கின்றன. தேய்ந்தால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் செயின் பிசகும். செயின் பிசகினால் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்திருக்கும், இரண்டும் மோதும். உடைந்த இரும்புத் துகள்கள் ஒயிலோடு எஞ்சின் முழுதும் போகும். பல வேளைகளில் முன்னெச்சரிக்கை எதுவும் இராது. சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த கார் வீதியோரத்தில் நின்றுவிடும். அந்த எஞ்சினைத் திருத்தும் செலவு, எங்கள் நண்பன் கொடுக்கப்போகும் முழு விலைக்குக் கிட்ட வரலாம்.

எல்லா 996உம் இப்படி ஆகும் என்றில்லை. ஆரம்ப வருடங்களில் குண்டுகள் இரண்டு வரிசையாக இருந்த பெயாரிங் போடப்பட்டது. அது ஓரளவு தாக்குப்பிடித்தது. 2000ஐ ஒட்டி ஒரு வரிசையுள்ள சிறிய பெயாரிங்குக்கு மாறினார்கள். பிரச்சினை அங்கேதான் கூடியது. 2001 மே மாதத்துக்கும் 2005 பெப்ரவரிக்கும் இடையில் உற்பத்தியான பொக்ஸ்டர், 911 கார்களின் உரிமையாளர்கள் சார்பில் அமெரிக்காவில் ஒரு கூட்டு வழக்குப் போடப்பட்டு, 2013இல் இணக்கத்துக்கு வந்தது. அந்த வழக்கின் ஊடாகப் பரவலாகத் தெரியவந்த எண் இது: ஒற்றை வரிசைப் பெயாரிங் உள்ளவற்றில் 100இல் சுமார் 8, இரட்டை வரிசையில் 100இல் ஒன்றுக்கும் குறைவு. அந்த இணக்கம் அமெரிக்க உரிமையாளர்களுக்கு மட்டும்தான். காலத்துக்கும் மைலுக்கும் எல்லை போட்டிருந்ததால், இன்று அங்குள்ளவர்களுக்குக்கூட அதனால் பயனில்லை. நண்பனின் விளம்பரத்தில் இருக்கும் 2002 கார் சரியாக அந்த ஒற்றை வரிசைக் காலத்தைச் சேர்ந்தது.

“நூறில எட்டுத்தானே? தொண்ணூற்றிரண்டு ஓடுதே” என்றான் அவன். சரி. நூறில் எட்டுப் பேருக்குச் சின்னச் சில்லறைச் செலவு வருமென்றால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இங்கே அந்த எட்டுப் பேரும் இழப்பது முழுக் காரை. காசு நிறைய இருப்பவன் அந்தச் சீட்டைக் கிழிக்கலாம். அவனிடம் இருப்பது 19,000.

கையால் திருத்திய காலம்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் ஆட்களுக்குத் திருத்துவதில் இருக்கும் நம்பிக்கை சாதாரணமானது அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் வடக்கு முழுவதும் மோட்டார் சைக்கிள்களும் பழைய ஏ40, மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் விடுவார்கள். அந்தப் புகை மணம் என் வயதுக்காரர்களுக்கு இன்னும் மூக்கில் இருக்கும். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணை சத்தத்தைக் கேட்டே எந்தப் பிளக் வேலை செய்யவில்லை என்று சொல்லுவார். இல்லாத பாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்தெடுத்துப் போடுவார். நண்பனுடைய மனதிலும் அந்த அண்ணைதான் இருக்கிறார். “எந்தக் காரெண்டாலும் நல்ல மெக்கானிக்கிட்ட குடுத்தா ஓடும்” என்கிறான்.

அந்தக் கார்கள் ஓடியதற்கு ஒரு காரணம், அவற்றில் எல்லாமே கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. தேய்வதைப் பார்க்கலாம், கேட்கலாம், எண்ணெய் போடலாம். 996இன் இடைத்தண்டுப் பெயாரிங்கைப் பார்க்க வேண்டுமென்றால் காரை உயர்த்தி, கியர் பொக்ஸைக் கழற்றி, கிளச்சையும் அதன் பின்னாலுள்ள சக்கரத்தையும் கழற்ற வேண்டும். பார்த்தாலும் அது மூடி முத்திரையிட்டது. மெக்கானிக்கின் காது கேட்கும் அளவுக்குச் சத்தம் வந்தால் பெரும்பாலும் நேரம் பிந்திவிட்டது.

திருத்தம் இல்லையா என்றால் இருக்கிறது. அமெரிக்காவில் சிலர் செராமிக் குண்டுகள் கொண்ட மாற்றுப் பெயாரிங்குகளைச் செய்து விற்கிறார்கள். ஒயிலை நேரடியாக அழுத்தத்தோடு கொடுக்கும் வேறொரு முறையும் உண்டு. கியர் பொக்ஸ் எப்படியும் கழற்றப்படுவதால், கிளச்சும் எஞ்சினின் பின்பக்க ஒயில் சீலும் தேய்ந்திருந்தால் அதே நேரத்தில் மாற்றிவிடுவார்கள். அந்தச் சீல் கசிவது இந்தக் கார்களில் சர்வசாதாரணம். ஆகவே 996 வாங்குகிறவர் முதலில் கேட்பது “பெயாரிங் மாற்றியாச்சா, பில் இருக்கா” என்பதைத்தான். பில் இருந்தால் காரின் விலை கூடும். அது நியாயமான கூடுதல்.

இதிலும் ஒரு விதிவிலக்கு. அதே காலத்து 911 டர்போவிலும் ஜிரி3இலும் இருப்பது ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற பொறியியலாளரின் பெயரால் அறியப்படும் வேறு எஞ்சின். அவற்றுக்கு இந்த நோய் கிடையாது. அதனால்தான் அவற்றின் விலை இறங்கவில்லை. சந்தைக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும். 2008இன் நடுப்பகுதியில் வந்த புதிய எஞ்சினில் அந்த இடைத்தண்டே இல்லை. அந்த வருடத்துக்குப் பிந்திய 911 ஏன் இரண்டு மூன்று மடங்கு விலை என்று யோசிப்பவர்களுக்கு இது பதிலின் ஒரு பகுதி.

கீறல்

பெயாரிங் பற்றி இணையம் முழுதும் பேசுவதால், அதைவிட மெதுவாகவும் ஒருவேளை அதைவிடப் பரவலாகவும் வரும் இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சிலிண்டர் சுவர்க் கீறல்.

இந்த எஞ்சினின் சிலிண்டர்கள் அலுமினியம். அதன் உட்சுவரைக் கடினமாக்க சிலிக்கன் கலந்திருக்கிறார்கள். பிஸ்டனின் பக்கங்களிலும் ஒரு பூச்சு உண்டு. வருடக்கணக்கில் குளிரில் எழுப்பி, சூடாகும் முன்னரே மிதித்து ஓட்டி வந்தால் அந்தப் பூச்சுப் போய், பிஸ்டன் சுவரைக் கீறத் தொடங்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்களில்தான் முதலில் வரும். எஞ்சின் ஒயிலைக் குடிக்கும். தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். இரண்டு புகைக்குழாய்களில் ஒன்று மற்றதைவிடக் கரி படிந்திருக்கும். இதற்கு மருந்து எஞ்சினை இறக்கி, முழுதாகப் பிரித்து, சிலிண்டர்களுக்குப் புது உறை போடுவதுதான். பிரித்தானியாவில் நல்ல கராஜில் பத்தாயிரம் பவுண்ட்ஸைத் தாண்டும்.

பிளக் துவாரம் வழியாக மெல்லிய கமரா ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தால் கீறல் தெரியும். வைத்தியர் வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது போலத்தான். கார் வாங்கும் முன் இதைச் செய்யாதவர்கள் பலர். விற்பவர் கோபிப்பார் என்று கேட்கத் தயங்குகிறார்கள். பதினான்காயிரம் பவுண்ட்ஸ் கொடுக்கும்போது வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுக்கும் விற்பனையாளரிடம் அந்தக் காரை வாங்காமல் வருவது நல்லது.

இவற்றுக்குக் கீழே வருபவை வழக்கமான செலவுகள். அவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ரேடியேற்றர்கள் முன் பம்பருக்குள், சில்லுக்கு முன்னால் இருக்கின்றன. இலைகளும் குப்பையும் அங்கே சேர்ந்து ஊறி அவற்றையும் ஏசியின் குளிரூட்டியையும் அரிக்கும். தண்ணீர் விரிவுத் தொட்டி பிளாஸ்டிக், வெடிக்கும். தண்ணீர்ப் பம்ப் தேயும். ஒயில் ஆவியைப் பிரிக்கும் பாகம் பழுதானால் பின்னால் வெள்ளைப் புகை மேகம் எழும்பும். முதல் தடவை பார்ப்பவர் எஞ்சின் போய்விட்டதென்று நடுங்குவார், உண்மையில் சில நூறு பவுண்ட்ஸ் வேலை. பின் ரயர்கள் அகலம், விலை கூட, சீக்கிரம் தேயும். எஞ்சின் ஒயில் எட்டு லீற்றருக்கு மேல் பிடிக்கும், சாதாரணக் காரின் இரண்டு மடங்கு.

கணக்கு

நண்பன் இரண்டு தனியார் கராஜ்களில் விலை கேட்டான். அவர்கள் சொன்னதை வைத்து முதல் வருடத்துக்கு நாங்கள் இருவரும் போட்ட கணக்கு இது. வாங்கும் முன் பரிசோதனை 350. பெயாரிங், கிளச், பின்சீல் மூன்றும் சேர்த்து 2,300. நாலு ரயர் 850. ஒயில், பிளக், பிறேக் திரவம் உட்பட ஒரு முழுப் பராமரிப்பு 600. ரேடியேற்றர், தண்ணீர்த் தொட்டி வேலைக்கு ஒதுக்குவது 900. காப்புறுதி, அவனுடைய தொழிலுக்கும் முகவரிக்கும், 1,100. வீதி வரி 400க்கு மேல். கூட்டிப் பார்த்தால் 6,500ஐத் தொடுகிறது. பெற்றோல் இதில் இல்லை. அது 100 கிலோமீற்றருக்குப் பதினொன்று, பன்னிரண்டு லீற்றர் குடிக்கும், அதுவும் விலை கூடிய உயர்தரப் பெற்றோல்.

19,000இல் 14,500 போனால் மிச்சம் 4,500. முதல் வருடத்திலேயே இரண்டாயிரம் குறைகிறது. இது எதுவும் உடையாத வருடம்.

வீதி வரியில் ஒரு விசித்திரம் இருக்கிறது, லண்டனில் உள்ள வாசகர்கள் கவனிக்க வேண்டும். புகை அதிகம் விடும் கார்களுக்கான மிக உயர்ந்த வரி, 2006 மார்ச் 23க்குப் பிறகு பதிவான கார்களுக்குத்தான். அதற்கு முன் பதிவானவற்றுக்கு உச்சவரம்பு உண்டு. ஆகவே ஒரே மாதிரி இரண்டு 911இல், ஒரு மாதம் முந்திப் பதிவானது 400 சொச்சமும் பிந்திப் பதிவானது 700க்கு மேலும் வருடாவருடம் கட்டும். மறுபக்கம், 2023 ஓகஸ்ட் முதல் லண்டன் முழுதுக்கும் விரிந்த யூலெஸ் வலயத்தில் பழைய கார்தான் மாட்டும். பெற்றோல் கார் யூரோ 4 தரத்தில் இல்லாவிட்டால் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ட்ஸ். 996களில் சில தேறும், சில தேறாது. விளம்பரத்தில் உள்ள இலக்கத்தகட்டை லண்டன் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கு போர்ஷேக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் இளைஞர்கள் அதிகம் விரும்பும் பி.எம்.டபிள்யூவிலும் இதே கதை உண்டு. 2005 முதல் 2010 வரை வந்த எம்5, ஐந்து லீற்றர், பத்து சிலிண்டர், 507 குதிரைவலு. இன்று அது சாதாரணக் குடும்பக் காரின் விலைக்கு இறங்கி வந்திருக்கிறது. அதில் பிரதான தண்டோடு பிஸ்டன் கோல்கள் சேரும் இடத்துப் பெயாரிங்குகள் தேயும். கிளச் மிதி இல்லாத அந்த கியர் பொக்ஸின் ஹைட்ரோலிக் பம்பும் போகும். உடையும் இடம்தான் காருக்குக் கார் வேறு.

மைல் குறைந்தது நல்லதா?

விளம்பரத்தில் நண்பனுக்கு மிகப் பிடித்தது 78,000 மைல் என்பது. இன்னொரு கார் 41,000 மைல் மட்டும் ஓடி 19,500க்கு நிற்கிறது, “அது இன்னும் புதுசு” என்று ஏங்கினான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க எண்ணம் மாறியது.

இந்த எஞ்சினுக்கு ஓடாமல் நிற்பதுதான் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை கராஜிலிருந்து எடுத்து, கடைத்தெரு வரை போய், சூடாகும் முன்னரே நிறுத்தினால் எரிபொருளின் மிச்சமும் ஈரமும் ஒயிலில் சேர்ந்து அதைப் புளிக்கவைக்கும். பெயாரிங்குக்குள் கசிவது அந்த ஒயில்தான். மாறாக, அடிக்கடி நெடுந்தூரம் ஓடி, ஒயில் நேரத்துக்கு மாற்றப்பட்ட கார் ஒன்று லட்சம் மைலைத் தாண்டியிருந்தாலும் நலமாக இருக்கலாம். இருபது வருடத்தில் 41,000 மைல் என்றால் வருடத்துக்கு இரண்டாயிரம் சொச்சம். அந்தக் காரில் வருடாவருடம் ஒயில் மாற்றினார்களா? ‘ஓடவில்லைத்தானே’ என்று விட்டிருப்பார்கள். மைல்மானியைவிடப் பில்களின் கட்டு முக்கியம் என்று நான் சொன்னபோது, அவனுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.

பிரித்தானியாவில் வாங்குபவருக்குக் கைகொடுக்கும் ஒன்று இருக்கிறது, அது எங்களிடம் இல்லை. வருடாந்த எம்.ஓ.டி. பரிசோதனையின் வரலாறு 2005 முதல் அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எந்த வருடம் எத்தனை மைல், எதில் குறை சொன்னார்கள், எந்த வருடம் காரே ஓடவில்லை என்பதெல்லாம் தெரியும். அதே குறையை மூன்று வருடம் தொடர்ந்து எழுதியிருந்தால், உரிமையாளருக்குக் காரில் செலவழிக்க மனமோ காசோ இருக்கவில்லை என்று அர்த்தம். காரின் பேரில் கடன் பாக்கி உண்டா, விபத்தில் கழித்துவிடப்பட்டதா என்று பார்க்கத் தனியாகச் சிறு கட்டணம் கட்ட வேண்டும். அதையும் கட்டத்தான் வேண்டும்.

இந்த மாதிரியை நன்கு தெரிந்த கராஜ் ஒன்று இன்னொன்றையும் பார்க்கும். காரின் கணினி, எஞ்சின் அதன் எல்லைக்கு மேல் எத்தனை தடவை சுழற்றப்பட்டது என்பதைப் பதிந்து வைத்திருக்கும். ஐந்தாம் கியருக்குப் போகவேண்டியவர் வேகத்தில் தவறி மூன்றில் போட்டிருந்தால் அது அங்கே இருக்கும். பிறகு ஒயில் வடியை வெட்டித் திறந்து மடிப்புகளுக்குள் மினுங்கும் இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெயாரிங் தேயத் தொடங்கினால் சில வேளை அது அங்கே காட்டிக்கொடுக்கும்.

ஊருக்குக் கொண்டுவந்து ஓட்டலாமே என்று ஒரு உறவினர் யோசனை சொன்னாராம். இலங்கையின் இறக்குமதி விதிகள் சில வருடத்துக்கு மேல் பழைய காரை விடாது. விட்டாலும் 3.6 லீற்றர் எஞ்சினுக்கு விழும் வரியில் ஒரு வீடு கட்டலாம்.

நான் அவனிடம் சொன்னது இவ்வளவுதான். பெயாரிங் மாற்றிய பில்லும் சிலிண்டர்க் கமராப் படங்களும் உள்ள கார் ஒன்றை, கொஞ்சம் கூடிய விலையென்றாலும், தேடு. கையில் குறைந்தது ஐயாயிரம் மிஞ்ச வேண்டும். 19,000க்குள் இரண்டும் நடக்காதென்றால் இன்னொரு வருடம் பொறு. அல்லது அதே எஞ்சின் குடும்பத்தின் பொக்ஸ்டரைப் பார். இதே நோய்தான், ஆனால் வாங்கும் விலை ஏறத்தாழ பாதி, மிஞ்சும் காசில் பெயாரிங்கையும் கிளச்சையும் மாற்றலாம். “பொக்ஸ்டரோ?” என்று இழுத்தான். அந்த விளையாட்டில் பொக்ஸ்டரும் இருந்தது, நாங்கள் இருவரும் அதை ஒருநாளும் எடுத்ததில்லை.

நேற்று இரவு திரும்ப எழுதியிருந்தான். விற்பவரிடம் கேட்டானாம். பெயாரிங் முந்தின உரிமையாளரின் காலத்தில் மாற்றியாச்சு, பில்தான் இல்லை என்று பதில் வந்ததாம். கமராப் பரிசோதனைக்கு ஆள் சம்மதம். வியாழக்கிழமை காலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காரைக் கராஜுக்குக் கொண்டுபோகும் ஆளோடு தானும் போகிறானாம். 350 பவுண்ட்ஸ் கட்டிவிட்டான்.